பதின்மூன்றாம் மாதம்

ஆகஸ்ட்டில் வந்தது கடிதம்.
புளோக் 418, அஞ்சல்பெட்டியில்
பீட்சாக் கடைத் துண்டறிக்கைக்கும்
நகர மன்ற அறிவிப்புக்கும் நடுவே
ஒரு நீள உறை.
லிஃப்டில் ஏறும்போதே கிழித்துவிட்டேன்.

திருத்தப்பட்ட மதிப்பீடு.
கூடுதலாகக் கட்ட வேண்டியது
நூற்றுத் தொண்ணூற்றொரு வெள்ளி எண்பது காசு.
ஒரு மாதத்துக்குள்.

ஒன்பதாம் மாடி வருவதற்குள்
மனசுக்குள் மூன்று பேரைத் திட்டி முடித்திருந்தேன்.
ஜைரோவில் மாதா மாதம் போகிறதே,
ஒரு தவணை தவறியதில்லையே,
மறைக்க எனக்கு என்ன இருக்கிறது,
இரண்டாவது வேலையா, வாடகை அறையா?

செருப்பைக் கழற்றாமல்
சமையலறை மேசையில் கணக்குப் போட்டேன்.
பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம்
சுற்றிக்கொண்டிருந்தது.
அதை வாங்கிய பணம்தான்
இந்தக் கடிதத்தில் இருக்கிறது என்று
அது பிழிந்து ஓய்ந்தபோதுதான் உறைத்தது.

காக்கி புக்கிட்டில் எங்கள் கிடங்கு.
முப்பத்தொரு பேருக்குச் சம்பளம் போடுவது நான்.
போன டிசம்பர் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை,
முதலாளி கோ கண்ணாடிக் கதவைத் திறந்து
தலையை மட்டும் நீட்டினார்.
பெரிய வாடிக்கையாளர் இன்னும் தரவில்லை,
பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தை
அடுத்த வெள்ளி போட்டுவிடலாம் என்றார்.
போட்டேன்.
செலுத்திய நாள்: ஜனவரி ஐந்து.
வருமான விவரங்களை ஆணையத்துக்கு அனுப்பும்போது
அந்தத் தேதியை நம்பி
அந்தத் தொகையை விட்டுவிட்டேன்.

ஜூலையில் தணிக்கைக்கு வந்த பெண்
வேலை ஒப்பந்தத்தைப் புரட்டி
ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டாள்.
எழுதிக் கொடுத்த பணம்
உழைத்த ஆண்டுக்கே சேரும்.
கைக்கு வந்த நாள் வேறு கதை.
முப்பத்தொரு படிவத்தையும் திருத்தி அனுப்பினேன்.
பதினேழாவது வரிசையில்
என் பெயரும் இருந்தது.
பார்த்தேன்.
எண்ணாகத்தான் பார்த்தேன்.

நாலாயிரத்து நூற்றைம்பது.
மசேநி போக மூவாயிரத்து முந்நூற்று இருபது.
அது பின்னோக்கி நடந்துபோய்
பழைய ஆண்டின் தலையில் உட்கார்ந்ததும்
மொத்தம் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது.
தாண்டிய பகுதிக்கு விகிதம் இரண்டு மடங்கு.
நூற்றுத் தொண்ணூற்றொன்று, எண்பது.
காசு பிசகாமல் வந்தது.
விடை சரியாக இருப்பது
இவ்வளவு எரிச்சலைத் தரும் என்று
பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை.

கைப்பேசியில் தமிழ் நாள்காட்டியைத் தள்ளிப் பார்த்தேன்:
இருபத்தொன்பதும் மார்கழி, ஐந்தும் மார்கழி.
பனியே இல்லாத இந்த ஊரிலும்
அது ஒரே மாதம்.
நடுவில் மரினா பேயில் வெடித்த வாணம்தான்
என் சம்பளத்தை இரண்டாகப் பிளந்திருக்கிறது.

மறுநாள் காலை
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அம்பலவாணன்
அதே உறையை நான்காக மடித்துக்கொண்டு வந்தான்.
"யக்கா, நான் என்ன தப்பு செஞ்சேன்?"
தப்பு என்னுடையது என்றேன்.
கோப்பி ஆறும்வரை விளக்கினேன்.
அபராதம் இல்லடா, தேதி.
விட்டிருந்தால் இந்த டிசம்பரோடு சேர்ந்து
ஒரே ஆண்டில் இரண்டு பதின்மூன்று விழுந்திருக்கும்,
இப்போது ஒன்றுதான், அடுத்த முறை குறையும் பார்.

லாரி ஓட்டும் ரோஸ்லி
பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டே கேட்டார்.
அவருக்குக் கடிதம் வரவில்லை.
வரி கட்டும் அளவுக்கு அவருக்குச் சம்பளம் இல்லை.
அதுவும் நான் போடுவதுதான்.

அம்பலவாணன் தலையாட்டினான்.
உறையால் விசிறிக்கொண்டான்.
"சரிக்கா. டிசம்பர்லயே அது என் காசு.
வரி ஆபீசே சொல்லுது.
அப்போ அந்த ஏழு நாள்
அது யார்கிட்ட இருந்துச்சு?"

கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
கோ தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தார்.
நான் படிவத்தை மேலிருந்து கீழே
ஒருமுறை பார்த்தேன்.
அதற்குக் கட்டம் இல்லை.